ரிவர்ஸ் எடுக்காத மாஸ்டர்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவருடைய தொழில். பெற்றவர்கள் வைத்த பெயர் மளிகைக்கடைக்காரருக்கே மறந்துபோய், எல்லோருக்கும் அவர் பிரேக் மாஸ்டர் ஆகிவிட்டார். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் சுதாரிப்பதற்குள் அவர் கால் அதில் ஏறியிருக்கும், கூடவே வாயும் திறந்திருக்கும். "கண்ணை வீட்லயே கழட்டி வச்சிட்டு வந்துட்டியா?" என்று அவர் கத்தினால், பக்கத்து வண்டிக்காரர்களும் ஒரு தடவை கண்ணைக் கசக்கிக்கொள்வார்கள்.

அப்படிப்பட்டவருக்கே ஒருநாள் சிக்கல் வந்தது. ஓட்டுநர் தேர்வுக்கான தேதியை இனிமேல் இணையத்தில்தான் பதிவு செய்ய வேண்டும் என்று லைசென்ஸ் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அதுவரை கவுண்டருக்குள் தலையை நீட்டி, "நம்ம பசங்க நாலு பேரு" என்றால் போதும், காரியம் முடிந்துவிடும்.

"லைப்ரரி மாடியில கம்ப்யூட்டர் சொல்லித்தர்றாங்களாம், போய்ட்டு வாங்க," என்றாள் மனைவி.

"எனக்கு ஒருத்தர் சொல்லித்தர்றதா? நானே சொல்லித்தர்றவன்!"

"அதுக்குத்தான் போகச் சொல்றேன். திட்டு வாங்குற சீட்ல ஒருநாள் உக்காந்து பாருங்க."

மாடியேறிப் போனவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வகுப்பெடுக்க நின்றவள் அவரிடம் கார் கற்க வந்தவள். அவர் போட்ட சத்தத்தில் நாற்சந்தி நடுவே அழுதுகொண்டே இறங்கி, பஸ் ஏறி வீட்டுக்குப் போனவள், பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

"வாங்க மாஸ்டர், உக்காருங்க," என்றாள். குரலில் துளி வன்மம் இல்லை. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

மவுஸை ஸ்டீயரிங் மாதிரி இரண்டு கையாலும் பிடித்தார். மேலே இருக்கும் நீளக் கட்டத்தில் முகவரியை அடிப்பது, பக்கத்தை உருட்டிக் கீழே போவது வரைக்கும் எப்படியோ தேறிவிட்டார். மூலையில் இருந்த இடது அம்புக்குறியில்தான் வண்டி நின்றுபோனது.

"அதைத் தொட்டா முந்தின பக்கத்துக்குப் போகலாம் மாஸ்டர்."

"பின்னாடி என்ன இருக்குன்னு பாக்காம ரிவர்ஸ் எடுக்கக்கூடாதும்மா."

"நீங்க இப்ப பாத்துட்டு வந்த பக்கம்தானே இருக்கு?"

"அது உங்களுக்குத் தெரியும். இதுக்குத் தெரியுமா?"

ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் மூடிவிட்டு ஆரம்பத்திலிருந்து வந்தார். பக்கத்தில் இருந்த மருந்துக்கடை அம்மாள் ரயில் நேரமெல்லாம் பார்த்து முடித்திருப்பார், மாஸ்டர் அப்போதுதான் பிரவுசரைத் திறந்துகொண்டிருப்பார். "பரவாயில்ல, மெதுவா வாங்க," என்று அவள் தன்மையாகச் சொல்லச் சொல்ல, அவருக்கு விரல் விறைத்தது. அவர் தொழிலில், தேறவே மாட்டார்கள் என்று கைகழுவியவர்களிடம் மட்டும்தான் 'பரவாயில்ல' என்று சொல்வது வழக்கம்.

ஒருநாள் பதிவுப் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது வேறெங்கோ கைபட்டு, மினுமினுவென்று ஒரு பெட்டி முளைத்தது. 'வாழ்த்துகள்! நீங்கள் வென்ற புதிய கார் காத்திருக்கிறது!' கார் என்றதும் மாஸ்டரின் கை தானாக அங்கே நகர்ந்தது. பின்னால் நின்றவளின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. அவள் பக்கம் பிரேக் இல்லையே!

"கண்ணை வீட்லயே கழட்டி வச்சிட்டு வந்துட்டீங்களா? அதைத் தொடாதீங்க! மேல, இடது அம்பு! பின்னாடி போங்க!"

மாஸ்டர் யோசிக்கவே இல்லை. அம்பைத் தட்டினார். பழைய பக்கம் சமர்த்தாக வந்து நின்றது. எதிலும் இடிக்கவில்லை.

மாஸ்டருக்குக் காது மடல் சுட்டது. அந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்று அரை நிமிடம் யோசித்திருந்தால் அவர் வேறு மனிதராக ஆகியிருக்கக்கூடும். ஆனால் ரிவர்ஸ் அவ்வளவு அழகாக விழுந்திருந்தது.

"மன்னிச்சிடுங்க மாஸ்டர், வாய் தவறி..." என்று அவள் தடுமாறினாள்.

"இப்பதாம்மா ஒழுங்கா சொல்லித்தர்றீங்க!" என்றார், முகமெல்லாம் மலர.

அதற்குப் பிறகு திட்டு விழாவிட்டால் அவருக்குக் கை ஓடவில்லை. கேட்டு வாங்கிக்கொண்டார். பக்கம் பக்கமாகப் புது டேப் திறந்தார், வேண்டியதைக் குறித்துவைத்தார், தன் மாணவர்களுக்குத் தேர்வுத் தேதியும் தானே பதிவு செய்தார். அவர் தேறிய வேகத்தைப் பார்த்த மருந்துக்கடை அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, அவருக்கு மட்டும் தனி கவனிப்பா? எங்களையும் நாலு வார்த்தை திட்டு!" என்று சண்டைக்கு வந்தார். மாஸ்டரைப் போல ஆகவே கூடாது என்று நினைத்திருந்தவள், தினமும் தொண்டை கட்டிப்போய் வீடு திரும்பினாள்.

வகுப்பு முடிந்த அன்று மாஸ்டர் மனைவியை அழைத்து உட்காரவைத்தார். சாந்தமாகத் திரும்பி வருவார் என்று அவள் காத்திருந்தாள்.

"திட்டினாதான் பாடம் ஏறும்னு சொல்லுவேன், நீ நம்பமாட்டியே. இப்ப அனுபவிச்சுப் பாத்துட்டு வந்து சொல்றேன், நூத்துக்கு நூறு உண்மை."

அவள் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள். மறுநாள் காலை பயிற்சிக் காரிலிருந்து மாஸ்டர் போட்ட சத்தம் இரண்டு தெரு தள்ளிக் கேட்டது.