சாக்கு அடைத்த ஜன்னல்

ஈரச் சாக்கின் வாசம்... விறகுப் புகையோடு கலந்து வரும். எழுபதுகளில் சித்திரபுரத்துக்கு மேலே தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் வளர்ந்த எனக்கு, வீடு என்றால் இன்றும் அந்த வாசம்தான்.

ஒரே அறை. அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை. அப்பா, அம்மா, செல்வி அக்கா, நான், தம்பிகள்... ஒருவர் புரண்டால் எல்லோரும் புரள வேண்டும். அதற்கும் சிரித்துக்கொள்வோம்.

ஜன்னலும் ஒன்றுதான். தேயிலைச் செடிகளுக்குக் கவாத்து வெட்டப் போன அப்பா இருமிக்கொண்டே திரும்ப ஆரம்பித்த மழைக்காலத்தில், அம்மா அதில் சாக்கைத் திணித்து அடைத்தாள்.

"பனிக்காத்து பட்டா நெஞ்சுல சளி கட்டிரும்ல."

கதவிடுக்கில் பழைய சேலை. அப்பாவுக்குச் சூடு வேண்டுமென்று அக்கா அவர் முதுகோடு ஒட்டிப் படுத்துக்கொண்டாள். எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

டிஸ்பென்சரியில் டி.பி. என்றார்கள். ஊசி போட்டார்கள். வீடு தேடி வந்த மலையாளத்து நர்ஸம்மா, "ஜன்னல் தொறந்து வைக்கணும் கேட்டோ... இந்தக் குட்டியைத் தள்ளிப் படுக்கச் சொல்லு" என்றார் அக்காவைக் காட்டி.

அம்மா தலையாட்டினாள். அவர் படியிறங்கியதும், "தள்ளிப் படுன்னா எங்கிட்டுத் தள்ள? குளிருக்கு அந்தம்மாவா கம்பளி தரும்?" என்று சாக்கை மறுபடி திணித்தாள். அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இருந்தது ஒரே கம்பளி, அதுவும் கிழிசல்.

கொஞ்சம் தேறியதும் அப்பா வேலைக்கு ஓடினார். வேலைப் பதிவில் பேரை வெட்டிவிட்டால் லயத்து வீடும் போய்விடும். ஊசி பாதியில் நின்றது. அடுத்த பனிக்காலத்துக்கு அவர் இல்லை.

அக்காவின் இருமல் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. கல்யாணம் பேசி முடித்திருந்த நேரம். "மாப்ள வீட்டுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்... வாயப் பொத்திக்கிட்டு இருமுடி" என்றாள் அம்மா. தாலி ஏறட்டும், பிறகு டிஸ்பென்சரிக்குப் போகலாம் என்று தள்ளிப்போட்டோம்.

தாலி ஏறவே இல்லை. அக்காவையும் அப்பாவுக்குப் பக்கத்திலேயே புதைத்தோம்.

போன டிசம்பரில் அங்கே போயிருந்தேன். லயத்துக்கு எதிர்ச் சரிவில் ரிசார்ட் வந்திருக்கிறது. பால்கனிக் கதவை அகலத் திறந்துவிட்டு ஒரு பெண்... அக்கா போன வயசுதான் இருக்கும்... "என்ன அருமையான காத்து" என்று நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டிருந்தாள்.

அதே காற்றுதான். அதைத்தான் நாங்கள் சாக்கு வைத்து அடைத்தோம்.