பதறாதலே... எழும்பும்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லையே என்று கேட்டிருந்தீர்கள். செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில், இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தேன்.

பெருங்குடலில் பாலிப் — அதாவது சதை வளர்ச்சி. காம்போடு தொங்கினால் சுருக்குப் போட்டுச் சுலபமாக வெட்டிவிடலாமாம். என்னுடையது கல்லில் ஒட்டிய தோசை மாதிரி படர்ந்த ரகம். ட்யூபை உள்ளே விட்டு, பாலிப்புக்கு அடியில் நீல மருந்தை ஊசியால் ஏற்றுவோம், அது உப்பி எழும்பினால் வயிற்றைக் கிழிக்காமலே எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். எழும்பாவிட்டால்? ஆழமாக இறங்கியிருக்கலாம்... புற்றுநோயாகவும் இருக்கலாம் என்றார்.

என் அண்ணன் போனது அதில்தான். தாராவியில் கருப்பட்டிக் கடை வைத்திருந்தார். ரத்தம் போனபோதெல்லாம் "மூலச்சூடுதாம்லே" என்று சொல்லிக் கருணைக்கிழங்கு குழம்பு வைக்கச் சொல்வார். டெஸ்டுக்கு வரச் சொல்லி எவ்வளவு கெஞ்சினேன்! கடையை யார் பார்ப்பது என்பார். கடைசிவரை வரவில்லை. விஷயம் தெரிந்தபோது உடம்பெல்லாம் பரவியிருந்தது.

அந்த நினைப்போடுதான் படுத்தேன். ரொம்பப் பயமாக இருந்தது. மயக்க மருந்து ஏறும்போது, ஸ்பிரிட் நெடிக்கு நடுவே — கருப்பட்டி வாசனை. அப்புறம் ஒன்றும் நினைவில்லை.

கண் விழித்தபோது பக்கத்தில் ஒரு நர்ஸ். தாராவியில் வளர்ந்த தமிழ்ப் பெண். முழுவதும் எடுத்தாகிவிட்டது என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள்.

"அங்கிள், மயக்கத்துல யார்கிட்ட பேசினிய? மொதல் ஊசிக்கு அது எழும்பவே இல்ல. ரூம்ல ஒருத்தரும் பேசல. அப்ப நீங்க தெளிவா, 'பதறாதலே... எழும்பும்'னிய. அடுத்த ஊசில எழும்பிட்டு."

நான் யாரையும் 'லே' போட்டுப் பேசுகிறவன் இல்லை. என்னை அப்படிக் கூப்பிட்டவர் ஒரே ஒருவர்தான்.

எல்லாம் மருந்து மயக்கம் என்கிறாள் என் மனைவி. இருக்கலாம். பயந்த மனசு என்னதான் பேசாது? ஆனால் அது என் குரல் மாதிரியே இல்லை என்று அந்த நர்ஸ் சொன்னதை மட்டும் அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

பயாப்ஸி ரிப்போர்ட் வந்துவிட்டது. புற்றுநோய் இல்லை. உங்களுக்கும் ரத்தம் தெரிந்தால், தயவுசெய்து கருணைக்கிழங்கு வாங்க ஓடாதீர்கள். டாக்டரிடம் போங்கள்.

எவ்வளவு கெஞ்சியும் அந்த ரூமுக்கு வராத அண்ணன்... எனக்காகக் கடையைப் பூட்டிவிட்டு வந்துவிட்டார் போலிருக்கிறது.