சோபனா பார்த்த வெள்ளை ஊர்

பாப்பாரப்பட்டிக்கு மேற்கே, மல்பெரித் தோட்டத்து நடுவில் உள்ள வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறவள் சோபனா. வயது முப்பத்தைந்து. பேச்சில் கறார். பட்டுக்கூடு அங்காடியில் எவனாவது கூட்டை அமுக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினால், கன்னடக்கார வியாபாரி என்றால் கன்னடத்திலேயே வாங்கிக் கட்டிக்கொள்வான். அப்பேர்ப்பட்டவளை வீட்டில் மடக்க இரண்டே சொல் போதும்: வெள்ளை ஊர்.

கரண்ட் பில் கட்டியாச்சு என்பாள். "வெள்ளை ஊருல கட்டினியா?" என்பான் புருஷன் நவநீதன். நேற்று சாயங்காலம் மயில் வந்தது என்பாள். "வெள்ளை ஊரு மயிலா?" என்பாள் அம்மா மாதம்மாள். கல்யாணமாகி வந்த மனுஷனுக்கும் அந்தக் கேலியை முதல் வாரமே சொல்லிக் கொடுத்துவிட்ட குடும்பம் அது. சோபனாவும் சிரித்துவிடுவாள், ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும்.

நடந்தது இதுதான். அவளுக்குப் பதினொரு வயது, அண்ணன் முருகேஷ் ஒன்பதாம் வகுப்பு. அப்பா தர்மபுரியிலிருந்து ஒரு டிவி கேம் வாங்கி வந்தார். வெள்ளைப் பெட்டி, சிவப்புப் பட்டன், இரண்டு கண்ட்ரோல். கேசட்டின் மேல் நூறு விளையாட்டு என்று போட்டிருந்தது. உட்கார்ந்து பார்த்தால் அதே நாலு விளையாட்டு வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வருகிறது! என்னத்தைச் சொல்ல. பிள்ளைகளுக்கு அதில் ஒன்றே போதுமாக இருந்தது. முண்டாசு கட்டிய ஒரு குட்டி ஆள் ஓடிக்கொண்டே இருப்பான். கிணறு தாண்டுவான், முள்வேலி தாண்டுவான். விழுந்தால் அவுட். முதல் ஆள் அவுட்டானால்தான் இரண்டாவது ஆளுக்கு முறை. முருகேஷ் லேசில் அவுட்டாக மாட்டான். இரண்டாவது கண்ட்ரோலைப் பிடித்தபடி சோபனா உட்கார்ந்தே இருப்பாள்.

விளையாடவும் எல்லா நாளும் கிடைக்காது. புழு வளர்க்கிற வீட்டில் பிள்ளைகளுக்கு ஏது லீவு? தழை பறிக்க, தழை போட, தட்டு சுத்தம் செய்ய என்று கை ஓயாது. புழு தோலுரிக்கும் முன் ஒரு நாள் போலத் தீனியை விட்டுவிட்டு, தலையைத் தூக்கி வைத்துக்கொண்டு அசையாமல் தூங்கும். அப்போது மட்டும்தான் வீடு ஓயும். ஒரு வளர்ப்புக்கு நாலு தூக்கம். பிள்ளைகளுக்கு அந்த நாலு நாள்தான் தீபாவளி. இலை கடிபடுகிற சத்தம், தூறல் விழுவது போல ராப்பகலாகக் கேட்டுக்கொண்டிருந்தது, சட்டென்று நின்றுபோகும். அந்த அமைதியில் டிவி கேம் பாட்டு மெல்லப் பாட ஆரம்பிக்கும். "சத்தத்தக் கொறைங்கடா, புழு முழிச்சுக்கப் போவுது" என்பாள் அம்மா. புழுவுக்குக் காது இல்லை என்று அவளிடம் யார் சொல்வது?

அப்படி ஒரு மத்தியானம். அப்பா தோட்டத்து மோட்டாரைப் போட, வோல்டேஜ் இறங்கி டிவியில் படம் சுருங்க, முருகேஷ் கணக்குத் தப்பிக் கிணற்றில் விழுந்தான். அவன் பல்லைக் கடிக்கும்போதே, மடை திருப்ப வா என்று அப்பா கூப்பிட்டார். போய்விட்டான். வீட்டில் சோபனா மட்டும். சுருங்கிப்போன படத்திலேயே ஓடினாள். அண்ணன் எட்டிய இடத்தையும் தாண்டினாள். அப்புறம் வேலி இல்லை, கிணறு இல்லை. எங்கே பார்த்தாலும் வெள்ளை. மேலிருந்து பஞ்சு போல என்னவோ உதிர்கிறது. வரிசையாகக் குட்டிக் குட்டி வீடுகள். அந்தப் பாட்டுகூட மாறித் தாலாட்டு மாதிரி கேட்டது. திரையை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தாள். கரண்ட் போயிற்று.

ஓடிப்போய்ச் சொன்னாள். "பொய்யி. அப்படி எடமே கெடையாது. தூங்கிப்போயி கெனா கண்டிருக்குது" என்றான் முருகேஷ். அவன்தான் அந்த விளையாட்டில் ராஜா, அவன் சொன்னால் சொன்னதுதான். அதற்கப்புறம் அவளுக்கு அவ்வளவு தூரம் போகக் கிடைக்கவே இல்லை. சத்தியம் செய்தாள், அழுதாள். வருஷம் போகப் போக அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. புழு தூங்கும் நாட்களில் அந்த வெள்ளை ஊர் கண்ணுக்குள் வரும். பார்த்ததா, கனவா? தான் பார்த்ததைத் தானே நம்ப முடியாமல் போவது எவ்வளவு பெரிய கொடுமை!

அப்பா காலமான பின் தோட்டத்தை எடுத்துச் செய்ய சோபனாவும் நவநீதனும் இங்கேயே வந்துவிட்டார்கள். முருகேஷுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. இந்த ஆடிப்பெருக்குக்கு வந்தவன், பையிலிருந்து ஒரு புது அடாப்டரை எடுத்து வைத்தான். "அந்த டிவி கேம் பரண் மேலதான கெடக்குது? எறக்கு பாப்பா." புழுக்கள் அன்று காலைதான் கடைசித் தூக்கத்தில் விழுந்திருந்தன. தட்டில் ஈரம் உறியச் சுண்ணாம்புத் தூள் தூவப் போயிருந்தான் நவநீதன். வீடு அமைதியாக இருந்தது. சோபனா பரண் ஏறிப் பெட்டியை இறக்கினாள். இன்றைக்குத் தெரிந்துவிடும்.

கேசட்டைத் துடைத்துச் செருகினார்கள். இரண்டு தடவை கோடு கோடாக வந்தது, மூன்றாவது தடவை பாட்டு வந்தது. அவ்வளவுதான், மணி எத்தனை, மாசம் என்ன, எல்லாம் மறந்துபோயிற்று அவளுக்கு. முருகேஷ் இரண்டாவது கிணற்றிலேயே விழுந்தான். விரல் மரத்துப்போச்சு என்று சிரித்தான். சோபனா ஓடினாள். எத்தனையோ தடவை விழுந்தாள், திரும்பத் திரும்ப ஓடினாள். மத்தியானம் சாய்ந்தது. அண்ணனின் பழைய எல்லை வந்தது, தாண்டினாள். இன்னும் ஒரே ஒரு வேலி. படம் கட்டம் கட்டமாக உடைந்தது. பெட்டி "ங்ங்" என்று இழுத்துக்கொண்டே நின்றது.

துடைத்தார்கள், ஊதினார்கள், ஆறவைத்துப் போட்டார்கள். கேசட் செத்துவிட்டது. சோபனா கண்ட்ரோலை மடியில் வைத்துக்கொண்டு வெறும் திரையைப் பார்த்தபடி இருந்தாள். இனி எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை.

"விடுண்ணா. கெனாதான் போலிருக்குது" என்றாள்.

முருகேஷ் அடாப்டரைக் கழற்றி ஒயரைச் சுற்றினான். பிறகு திரையைப் பார்த்தே கேட்டான்.

"அந்த ஊருல ஒரே ஒரு வூட்டுல மட்டும் வெளக்கு எரிஞ்சிச்சு. அது முன்னால போயி நின்னுட்டியே. எதுக்கு பாப்பா ஓடாம நின்ன?"

சோபனா சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். விளக்கு எரிந்ததை அவள் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. ஓட வேண்டிய விளையாட்டில் ஓடாமல், அந்த ஜன்னலின் மஞ்சள் வெளிச்சத்தை வேடிக்கை பார்த்து நின்றதை வெட்கத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

"மடை வெட்ட மம்முட்டி எடுக்கத் திரும்பி வந்தேன். ஜன்னல் வழியா பாத்தேன்" என்றான். "நானே போவாத எடத்துக்கு நீ போயிட்ட. அதுவும் சுருங்கிப்போன படத்துல. எனக்குத் தாங்கல பாப்பா. அப்பறம் சொல்லலாம் அப்பறம் சொல்லலாம்னு, இத்தினி வருஷம் ஆயிப்போச்சு. இன்னிக்கு நீயே போயிட்டா நான் சொல்ல வேண்டியதில்லன்னு நெனச்சேன்."

"அடப்பாவி!" கையிலிருந்த கண்ட்ரோலாலேயே அவன் தோளில் ஒன்று வைத்தாள். "இருவத்தினாலு வருஷம்டா! என்னயப் பைத்தியக்காரி ஆக்கிட்டியேடா!" கண்ணில் நீர் கொட்டியது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் துடைக்காமல் எழுந்து வாசலுக்குப் போனாள்.

"அம்மா! இங்க வா. ஏங்க, அந்தச் சுண்ணாம்பு வேலய அப்பறம் பாக்கலாம், வாங்க!"

மாதம்மாள் பதறி வந்தாள். நவநீதன் கையெல்லாம் வெள்ளையாக வந்து நின்றான். இருவரையும் பாயில் உட்கார வைத்தாள்.

"சொல்லு" என்றாள் அண்ணனிடம்.

முருகேஷ் தலையைக் குனிந்துகொண்டான். "அது ஒண்ணுமில்லீங்க மாப்ள, வெள்ளை ஊரு வந்து..."

"அவுங்க கண்ணப் பாத்து சொல்லு" என்றாள் சோபனா. "மொதல்லருந்து."