அவர் பேரில் நடந்த தொழில்

இறால் ஊறுகாயும் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கும் போட்டு விற்கத் தொடங்கியபோது, தேங்காய்த்திட்டில் மாமியார் வீட்டுச் சமையலறைதான் எங்கள் கம்பெனி. மீன் பார்த்து வாங்குவதும் ஆய்வதும் வதக்குவதும் பாட்டிலில் அடைப்பதும் நான். உணவு லைசென்ஸ், ஜிஎஸ்டி, பேங்க் கணக்கு என்று வெளியே அலைந்தது என் கணவர்.

“யாரு பேர்ல போடறதுன்னு ஆடிட்டர் கேட்டாரு. உனக்கெதுக்கு அலைச்சல்? எல்லாத்தையும் எம் பேர்லியே போட்டுட்டேன்” என்றார். அன்பாகத்தான் சொன்னார். நானும் பூண்டு உரித்தபடி தலையாட்டினேன்.

ஒரு மழைநாளில் சரக்குக் கொடுக்க வண்டியில் போனவர், மரப்பாலத்துக்கிட்டே லாரி மோதி இறந்துபோனார்.

காரியம் முடிந்ததும், நின்றுபோன ஆர்டர்களை அனுப்பலாம் என்று பேங்குக்குப் போனேன். கணக்கை நிறுத்திவைத்திருந்தார்கள். அதிகாரி தயங்கித் தயங்கிப் பேசினார்.

“சட்டப்படி அவரும் தொழிலும் ஒண்ணுதாம்மா. லைசென்ஸ், ஜிஎஸ்டி எல்லாமே அவரு பேர்லதான் இருக்கு. வாரிசுச் சான்றிதழ் வாங்கிட்டு வாங்க. உங்களுக்கும் பொண்ணுக்கும் சேத்து அவங்கம்மாவும் வாரிசுதான், அவங்க கையெழுத்தும் வேணும்.”

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் கேட்டேன்.

“எம் புள்ள ஆரம்பிச்ச தொழிலு. இனிமே சின்னவன் பாத்துக்குவான். நீ எப்பவும்போல செஞ்சி குடு.”

“அடுப்புல நின்னது நானு, அத்தை.”

“இல்லேன்னு யாரு சொன்னா? பேரு யாரு பேருடி?”

அவர் கண் வீங்கியிருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவர், அவன் பேரில் இருந்ததையாவது பிடித்துக்கொள்ளப் பார்த்தார். இது எனக்கு இப்போது புரிகிறது. அன்று வயிறெரிந்து, மகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறினேன்.

என் பேரில் புதிதாக லைசென்ஸ் எடுக்க, வாடகை வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் கேட்டார்கள். போன இடமெல்லாம் ஒரே பதில்.

“மீன் வாசம் ஆவாதும்மா. வியாபாரம் நடக்குதுன்னு தெரிஞ்சா, கரண்ட் பில்லையும் கடை ரேட்டுக்கு மாத்திடுவாங்க.”

கடைசியில் நோணாங்குப்பத்தில் ஒருவர் கையெழுத்துப் போட்டார், வாடகையை ஏற்றிக்கொண்டு.

அதற்குள் கொழுந்தனார் ஆள் வைத்து, பழைய லேபிளிலேயே ஊறுகாய் போட்டு விற்றிருந்தார். எண்ணெய் பற்றாமல் பூசணம் பிடித்துவிட்டது. ஆர்டர் எடுத்ததும் நான்தான்; வாங்கியவர்களிடம் இருந்தது என் போன் நம்பர்.

“புருஷன் செத்தா இப்படியா ஏமாத்துவ?” என்று ஒரு பெண் கேட்டாள். அந்தச் சரக்கு என்னுடையதில்லை என்றேன். அவள் நம்பவில்லை. அப்புறம் கொழுந்தனாரும் விட்டுவிட்டார். லேபிளில் இருந்த அந்தப் பேரை இப்போது யாரும் போடுவதில்லை.

என் பேரில் தொழில் நடக்கிறது, முன்பிருந்த அளவுக்கு இல்லை. பேங்க் கணக்கு இன்னும் முடங்கித்தான் கிடக்கிறது. மாமியார் கையெழுத்துப் போடவில்லை. நானும் போய்க் கேட்பதை நிறுத்திவிட்டேன்.