அப்பா கண்டுபிடித்த வேதப்பாட்டு

தும்… தும்தும்… என்று அந்த பேஸ் கிட்டார் முதலில் வயிற்றில் அடித்துவிட்டுத்தான் காதுக்கு வரும். இத்தாலியில், மொண்டெல்லோக் கடற்கரையில் அப்பா கோப்பை கழுவிய உணவகத்தின் சமையல்கட்டில், அந்தக் 'குசினி'யில், கூட வேலைசெய்த பிரேசில்காரர் மார்க்கோஸின் கசெற் பிளேயர் நாள்முழுதும் அவர் ஊர்க் குழுவொன்றின் ரெகேயை, அந்த ஜமைக்கா இசையை, பாடிக்கொண்டிருக்கும். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, எனக்குப் பன்னிரண்டு வயது. கோடை விடுமுறையில் என்னை வீட்டில் தனியே விடப் பயந்து அப்பா அங்கே கூட்டிப்போவார்.

அந்தக் குழுவின் சரித்திரம் மார்க்கோஸுக்குத் தலைகீழ்ப் பாடம். தன் ஊர்க் கடற்கரைக் கடையில் பியருக்காகப் பாடிய நாலு பெடியள் என்பார். பிறகு வானொலி, மைதானம் நிறைந்த சனம் என்பார். கடைசியில் வெறும் காதல் பாட்டுப் பாடிக் கெட்டுப்போனார்கள் என்று முகத்தைச் சுளிப்பார். அவரிடம் இருந்தது தொடக்ககாலக் கசெற். தாளம் விழவேண்டிய இடத்தைத் தாண்டிய பிறகுதான் அதில் கிட்டார் 'சிக்' என்று வெட்டும், ஓர்கன் சோம்பலாகப் பின்னால் வரும். அப்பாவுக்கு அந்தப் போர்த்துக்கீச மொழி விளங்காது. ஆனால் 'பபிலோனியா', 'சாயன்', 'ஜுடா' என்ற சொற்கள் விளங்கிவிட்டன. போதாதா!

"பிள்ளை, இது வேதப்பாட்டெல்லோ! பாபிலோன், சீயோன், யூதாவின்ரை சிங்கம், எல்லாம் வருது கேள்!"

அந்த வருடப் பங்குத் திருநாளில் தமிழர்களும் ஒரு பாட்டுப் பாடவேண்டுமென்று குருவானவர் கேட்டிருந்தார். ஊரில், மன்னாரில், கோயில் பாடகர் குழுவை நடத்திய அப்பாவை இங்கே எல்லோரும் "ஏய், கோப்பை!" என்று இத்தாலியனில்தான் கூப்பிட்டார்கள். ஒருதரமாவது தன் குரலை இந்தச் சனம் கேட்கட்டும் என்று அப்பா அந்த மெட்டுக்குத் தமிழில் சொல் கட்டி, என்னையும் நாலைந்து பெண்களையும் பழக்கினார்.

திருநாளன்று கோயிலில் முதல் வரி முடியவில்லை, பின்வரிசை வாங்கில் இருந்த என் வகுப்புப் பெடியள் இது ரெகே என்று பிடித்துவிட்டார்கள். இரண்டு விரலை உதட்டில் வைத்துக் கஞ்சா இழுத்துக் காட்டினார்கள், "ராஸ்தா! ராஸ்தா!" என்று ரெகே பாடும் சடைமுடிக்காரரின் பெயரைச் சொல்லித் தோளை ஆட்டினார்கள். சிரிப்பு வாங்கு வாங்காக முன்னுக்கு வந்தது. அப்பா, பாவம், சனமும் சேர்ந்து ஆடுகிறது என்று நினைத்துக் கையை உயர்த்தி இன்னும் உரக்கப் பாடினார். ஐயோ, என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது. நான் பாடுவதை நிறுத்திவிட்டேன்; பெண்களும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கடைசிச் சரணத்தை அப்பா தனியே பாடினார்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டார்: "சிரிச்சவையெல்லோ? பிழையான பாட்டோ, பிள்ளை?"

"ஓம் அப்பா. அது கஞ்சா அடிக்கிற ஆக்களின்ரை பாட்டாம்."

"அப்ப சீயோன்?"



இன்று அந்த உணவகம் இல்லை, கசெற்றும் இல்லை, குழுவும் பிரிந்துவிட்டதாம். கஞ்சா அடித்தாலும் ராஸ்தாக்காரர் பாடியது வேதத்துச் சீயோனையும் கடவுளையும்தான் என்று வளர்ந்த பிறகு எங்கோ வாசித்துவிட்டு, ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். "அப்பிடியே?" என்றார், அவ்வளவுதான். ஞாயிறு பூசையில் இப்போதும் அவர் பக்கத்தில்தான் நிற்கிறேன். எல்லோரும் பாடும்போது அவருடைய உதடுகள் அசைகின்றன, சத்தம் வருவதில்லை.