ஜீப்பில் வந்த பலகாரத் தட்டு

எங்கள் சந்தில் அந்த டீச்சர் குடிவந்த நாளிலிருந்தே எனக்கு அவர்மேல் பொறாமை. மறைக்க என்ன இருக்கிறது? யாழ்ப்பாணத்தவர், கணவருக்கும் அரசாங்க உத்தியோகம். கண்டி ஈரத்தில் என் தொட்டிகளில் அந்தூரியம் அழுகியது. அவர் வாசலில் அதே செடி கையகலத்துக்குப் பூத்தது. கோயிலில் ஐயர் திருநீற்றை முதலில் அவருக்குத்தான் நீட்டுவார்.

ஒரு சித்திரை வருடப்பிறப்பன்று அவர் வாசலில் ஜீப் ஒன்று வந்து நின்றது. டிரைவர் இறங்கி, வெள்ளைத் துணி மூடிய பலகாரத் தட்டை உள்ளே கொடுத்தான். சிங்களவர்களுக்கும் அன்றுதான் வருடப்பிறப்பு, அவர்கள் அயல்வீட்டுத் தட்டு எங்களுக்கும் வருவதுதான். ஆனால் வேலிக்கு மேலால் வரும், ஜீப்பில் வராது.

அன்று மாலை குழாயடியில் சொன்னேன்: "அவங்களுக்கென்னங்க, பெரிய எடத்துப் பழக்கம். ஜீப்புல தட்டு வருது."

வயிற்றெரிச்சலில் சொன்னது, அவ்வளவுதான். ஒரு வாரத்தில் அது மந்திரி வீட்டு ஜீப் ஆனது. கலஹா பஸ்ஸில் வரும் மரக்கறிக்காரி, அந்த மந்திரி டீச்சரைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவாராம் என்று என்னிடமே வந்து சொன்னாள். சந்தியில் கடை வைத்திருந்த சிங்கள முதலாளியும் ஆமென்று தலையாட்டினார். இத்தனை பேர் சொன்ன பிறகு நானும் நம்பினேன். என் வாயில் பிறந்த கதை என்பதே மறந்துபோய், முன்னைவிட அதிகமாகப் பொறாமைப்பட்டேன்.

அந்த வருட ஆடிக் கலவரத்தில், டவுனில் தமிழர் கடைகள் எரிகிற புகை தெரிந்ததும், சந்திலிருந்த மற்ற நான்கு தமிழ்க் குடும்பங்களும் வேறு யோசனையே இல்லாமல் டீச்சர் வீட்டுக்குள் ஓடினோம். பிள்ளைகளைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, மந்திரிக்கு ஆளனுப்பச் சொன்னேன். அவர் விளங்காமல் என்னைப் பார்த்தார்.

"எந்த மந்திரி, அக்கா? அந்த டிரைவர் வீடு மாறி வந்தவன். பத்து நிமிசத்தால திரும்பி வந்து தட்டை வாங்கிக்கொண்டு போயிட்டான்."

அது என் வாயில் பிறந்த கதை என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அதற்குள் கூட்டம் வந்துவிட்டது. டீச்சர் கதவை முதுகால் தாங்கி நின்றார். வெளியே ஒருவன் சிங்களத்தில் சொன்னான், இது மந்திரியின் ஜீப் வருகிற வீடு, விட்டுவிடுங்கள் என்று. காலடிகள் விலகின. கொஞ்ச நேரத்தில் என் வீட்டு ஓடுகள் வெடிக்கிற சத்தம் கேட்டது.

அகதி முகாமில் எல்லோரும் ஒன்றையேதான் சொன்னார்கள்: டீச்சரின் செல்வாக்குத்தான் நம்மைக் காப்பாற்றியது. அவர் மறுத்தால், பெருந்தன்மை என்றார்கள். தெல்தோட்டையிலிருந்து என்னைப் பார்க்க வந்த என் சொந்தத் தங்கையே முதலில் அவர் கையைப் பிடித்துத்தான் அழுதாள். காப்பாற்றியது என் பொய். அதை வெளியே சொன்னால், ஏன் சொன்னேன் என்பதையும் சொல்ல வேண்டும். எல்லோரோடும் சேர்ந்து நானும் அவரைப் புகழ்ந்தேன்.

எரிந்த வீட்டைப் பார்க்கத் திரும்பி வந்தபோது, அவர் வாசலில் அந்தூரியம் பூத்திருந்தது. என்னைக் கண்டதும் ஒரு தொட்டியைத் தூக்கி வந்து கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அதை வைக்க எனக்கு வாசல் இல்லை. அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.