சட்டியின் அடியில் இருந்த தயிர்

எருமைத் தயிர்ச் சட்டியை மூடிக் கட்டிய வாழையிலையைப் பிரித்ததும் எழும் புளிப்பும் ஈரமண்ணும் கலந்த மணம், எனக்கு ஒன்பது வயதான அந்த மாரிகாலத்தில், எங்கள் வீட்டில் நோயின் மணமாகிவிட்டது. துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்த அப்பா "நெருப்புக் காய்ச்சல்" என்ற டைபொயிட்டில் இருந்து பிழைத்திருந்தார். ஆனால் வாரக்கணக்காக விழுங்கிய குளிசைகளுக்குப் பிறகு அவருடைய வயிற்றில் எதுவும் தங்கவில்லை. குடாவுக்கு அப்பால் மூதூரில் இருந்து லாஞ்சிப் படகில் வரும் தயிரைக் குழைசோற்றில் கரைத்துக் கொடுத்தால் மட்டும் கழிச்சல் சற்று அடங்கும்.

கடல் கொந்தளித்து லாஞ்சி நின்றுபோனது. அம்மா கடைசிச் சட்டியின் அடியில் ஒரு கரண்டித் தயிரைப் பால் தோய்க்க "உறைக்கு" என்று மிச்சம் பிடித்து வைத்துவிட்டு, பசுப்பால் வாங்கப் போனார். அவர் திரும்புவதற்குள், குசினியில் தனியாக நின்ற நான் அதை விரலால் வழித்துத் தின்றுவிட்டேன். பசி என்று சொல்வதற்கில்லை. பல நாளாக அப்பாவுக்கு மட்டுமே கிடைத்துவந்த ஒன்றின் மீதான ஆசை.

அடி விழுந்தது தம்பிக்கு. ஆறு வயதுக்காரனான அவன்தான் வீட்டில் எதையும் எடுத்துத் தின்பவன். அவன் இல்லையென்று அழுதான். நான் விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன்.

"பிள்ளையை அடிக்காதை. ஒரு கரண்டித் தயிரால எனக்கு என்ன வரப்போகுது" என்றார் அப்பா, படுக்கையில் இருந்தபடி.

அக்கம்பக்கத்திலும் தயிர் இருக்கவில்லை. உறைக்குப் பதிலாகத் தேசிக்காய்ப் புளி விட்டுப் பார்த்தும் பால் திரிந்ததே தவிர உறையவில்லை. லாஞ்சி மறுபடி ஓடத் தொடங்குமுன் அப்பா போய்விட்டார்.

ஒரு கரண்டித் தயிரால் என்ன வரப்போகுது என்று அவர் சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை காலமும் இருந்தேன். போன மாதம், எழுபது தாண்டிய என் வயிற்றைப் பரிசோதித்த இளம் டொக்டர், சில மருந்துகள் குடலில் உள்ள நல்ல கிருமிகளையும் கொன்றுவிடும், இந்த வயதில் தயிரை விடாதீர்கள் என்று சாதாரணமாகச் சொன்னார். அப்பா வாரக்கணக்காக விழுங்கிய குளிசைகள் நினைவுக்கு வந்தன.

அன்றே கனடாவில் இருக்கும் தம்பியை அழைத்து, முதன்முதலாக உண்மையைச் சொன்னேன்.

"என்ன அக்கா கதைக்கிறியள்? அது நான்தானே திண்டனான்."

இல்லையடா என்று பலதரம் சொன்னேன். சட்டியின் குளிர்ச்சி இன்னும் தன் விரலில் இருக்கிறது என்றான். மூதூருக்கு இப்போது லாஞ்சிக்குப் பதிலாகப் பாலங்களைக் கடந்து பஸ் ஓடுகிறது. அந்த வீடும் இல்லை, அம்மாவும் இல்லை. அவனை நம்பவைக்க எனக்கு ஒரு சாட்சியும் மிச்சமில்லை.